பள்ளிவாசலுக்குக் கொடுத்த பூசணிக்காய்

கதை எழுதுகிறவன் என்ற பெயர்தான் எனக்குப் பெண் வாங்கித் தந்தது. இதை இன்றைக்கும் நான் பெருமையாகவே சொல்வேன். பொத்துவிலில் வாப்பாவின் வீட்டில் இருந்த காலத்தில் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் என்னுடைய இரண்டு கதைகள் வெளிவந்திருந்தன. மருதமுனையிலிருந்து கலியாணம் பேச வந்தவர்களிடம் எனக்கு வாத்தியார் வேலை என்று சொன்னபோது மாமனார் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தாராம். பொடியன் கதை எழுதுவான், பேப்பரில் வரும் என்றதும் வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அவர் வயல்காரர், ஊரில் போடியார் என்பார்கள். குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் கையெழுத்து வைப்பதோடு சரி.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். நானும் ஒரு தகரப்பெட்டியோடும் பேனையோடும் மருதமுனைக்கு வந்து சேர்ந்தேன். மாமனாரும் மாமியும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்ன வீடொன்று போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கல்முனைச் சந்தையிலிருந்து அவர் வேளாண்மை செய்யும் வட்டை வரைக்கும், கண்டவரையெல்லாம் நிறுத்தி அவர் சொன்னது ஒன்றுதான்.

"எங்கட மருமகன் கதை எழுதுறவர். பேப்பர்ல வாற."

அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் போனது. இன்னொரு மாரியும் வந்துபோனது. மருமகனின் பேனையிலிருந்து ஒரு வரி வரவில்லை.

எழுதாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு தின்று, அசர் தொழுதுவிட்டு நாள் தவறாமல் மேசையில் உட்காருவேன். கொழும்பில் ஒரு மாளிகை, அதில் ஒரு சீமான் மகள், அவள் பலகணியருகே நின்று பெருமூச்சு விடுவாள். அவள் ஏன் பெருமூச்சு விடுகிறாள் என்பது எனக்கே தெரியாது. மாளிகைக்குள் நான் போனதில்லை. சீமான் மகள் எவளோடும் கதைத்ததில்லை. "ஆமாம் அத்தான்" என்று அவளைச் சொல்ல வைப்பேன். எங்கள் ஊரில் யாரும் வாழ்நாளில் ஒருமுறைகூட ஆமாம் என்று சொன்னது கிடையாது, ஓம்தான். இரண்டு பக்கம் போனதும் கிழித்துப் போடுவேன்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, அந்தக் கதைதான். மேசை ஆடுகிறது என்றேன். மை சரியில்லை என்றேன். எல்லாவற்றிலும் அதிகமாக அடுத்த வளவுத் தறியின் மேல் பழி போட்டேன். மருதமுனையில் தறிச்சத்தம் இல்லாத இடம் மையத்து அடக்குகிற கபுறடிதான். எங்கள் வேலிக்கு அப்பால் இருந்தவர் என் மனைவிக்குத் தூரத்து உறவு, எனக்கு மச்சான் முறை. விடிந்ததிலிருந்து நெய்வார். அசருக்குப் பிறகு தறியை நிறுத்திவிட்டுக் கிடுகு வேலியில் ஓட்டை பார்த்து முகத்தை வைப்பார்.

"என்ன மச்சான், இண்டைக்கு எத்தின முழம் எழுதிட்டீங்க?"

"நூல் அறுந்துபோச்சு மச்சான்."

"நேத்தும் அறுந்ததுதானே. நூலக் குத்தம் சொல்லாதீங்க."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆனால் அவர் சொல்வதில் பிழையில்லை. அவர் தறியில் அன்றைய சாரன் நெய்து முடிந்து மடிப்பாகக் கிடக்கும். கடற்கரையில் வலை இழுத்தவனுக்கு மீன் கிடைத்திருக்கும். மாமனாரின் வயலில் கதிர் தலை சாய்ந்திருக்கும். அந்தத் தெருவில் ஒன்றையும் உண்டாக்காமல் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

மனைவியின் கேலி வேறு விதம். அவள் குரலை உயர்த்த மாட்டாள். ஒருநாள் குசினியிலிருந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சாருங்க, அடுப்பு மூட்டக் கடதாசி முடிஞ்சிட்டு. இன்னம் ரெண்டு கதை எழுதித் தாங்களன்."

நான் கிழித்ததையெல்லாம் பொறுக்கி அதைக் கொண்டுதான் அவள் அடுப்பு மூட்டிவந்திருக்கிறாள். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் பேனையை மூடி வைத்தேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறொன்று. அந்த மாரியில் ஒருநாள் மாமனாரைத் தேடி வட்டைக்காரர் ஒருவர் வந்தார். வேலி வாசலில், கடப்படியில் நின்று பேச்சுவாக்கில், "மருமகன் என்ன செய்றார்?" என்று கேட்டார். மாமனார் சொன்னார், "வாத்தியாரா இரிக்கார்." அவ்வளவுதான். கதை பற்றி ஒரு சொல் இல்லை. மனிதர் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டார். நான் ஜன்னலுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இழந்த அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயில் திரும்ப வைக்காமல் அந்த வளவில் எனக்கு மரியாதை இல்லை என்று நினைத்தேன். நினைத்து என்ன, பேனை அசைய வேண்டுமே.

தை பிறந்து மழை விட்டது. கிழக்குக் கரையில் அந்த மாதங்களைப் போல ஒரு காலம் கிடையாது. வெள்ளம் வடிந்து மணல் கழுவினாற்போல் இருக்கும். கிணற்றில் கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர் நிற்கும். மாமரம் பூத்து முற்றமெல்லாம் அந்த வாசம் இருக்கும். வெயிலும் சுடாது. அப்படி ஒரு பின்னேரம் மேசையில் உட்கார்ந்து, மறுபடியும் பலகணியில் போய் நின்ற சீமான் மகளைப் பார்த்து எனக்கே வெறுத்துப்போய், எழுந்து வந்து மண்வெட்டியை எடுத்தேன்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

"தோட்டம்."

"என்ட வளவையா கொத்தப் போறீங்க?"

"ஓம், உங்கட வளவைத்தான். உத்தரவு தாங்க."

அவள் சிரித்துக்கொண்டே கிணற்றடிப் பக்கத்தைக் காட்டினாள். அது வெறும் மணல். வார்க்கிற தண்ணீரெல்லாம் வார்த்த இடத்திலேயே காணாமற்போகும். நான் விடவில்லை. மாமனாரின் மாட்டுக்காலையிலிருந்து எருவைக் கூடையில் சுமந்தேன். அடுப்புச் சாம்பலும் கடற்கரையில் கழித்த மீன்கழிவும் கலந்து குழி குழியாகத் தாட்டேன். என்னோடு படிப்பித்த காரைதீவு வாத்தியார் ஒருவர் ஈரச்சாக்கில் சுற்றிக் கத்தரிக் கன்று கொண்டுவந்து தந்தார். மிளகாய், வெண்டி, பயிற்றை, கீரை எல்லாம் போட்டேன். வேலியோரத்தில் பூசணி விதை ஊன்றினேன்.

முளைத்தது. எனக்கு அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்து குனிந்து பார்த்தால் மணலைத் தள்ளிக்கொண்டு இரட்டை இலை நிற்கும். என் கையால் ஒன்று உண்டாகியிருக்கிறது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் காலையிலும் மாலையிலும் வார்த்தேன். தோள் வலிக்கும், அதுவும் பெருமையாகவே இருக்கும். தெருவில் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "கதை எப்பிடி வாத்தியார்?" என்று கேட்டால், நான் "கத்தரி பூத்திட்டு" என்பேன். மேசைமேல் தூசி படிந்தது. கொஞ்ச நாளைக்கு அது என்னை உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். தண்ணீர் வார்க்கும்போது உறுத்தாது, வாளியைக் கவிழ்த்து வைத்ததும் உறுத்தும்.

தறிக்கார மச்சானும் வேலி ஓட்டையில் முகம் வைத்துத் தோட்டத்தை மேய்ந்தார். "மச்சான், இது நல்ல பாவு. இழை அறாம ஓடுது," என்று பயிற்றங்கொடியைக் காட்டிச் சொன்னார். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

பூசணிக்கொடி வேலியில் ஏறிக் குசினிக் கூரையில் படர்ந்தது. பூ நிறைய வந்து உதிர்ந்தது. ஒன்றே ஒன்று நின்று காயானது. கூரையில் அது பெருக்கத் தொடங்கியதும் அடியில் வைக்கோல் வைத்தேன். கண்ணூறு படாமல் பழைய சட்டியொன்றில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கம்பில் கவிழ்த்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் அந்தக் காயின் நினைப்புத்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு அந்தப் பூசணிக்காய் கல்முனை மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியில் வைக்கத்தக்க காயாகத் தெரிந்தது.

பங்குனியில் அது முற்றியது. எங்கள் ஊரில் எதிலும் முதல் விளைச்சல் பள்ளிவாசலுக்கு. முதல் தேங்காய், கோழியின் முதல் முட்டை, முருங்கையின் முதல் காய். தறிக்காரர்கள் புதுப் பாவு ஏற்றினால் அதில் முதல் சாரனைக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளி முற்றத்தில், பாங்கு சொல்லும் மோதினார் அவற்றை ஏலம் கூறுவார். காசு பள்ளிக்கு. கொடுத்தவர் ஏலம் கேட்பதில்லை. இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுக்க யாருக்கு மனம் வரும்?

அந்த வெள்ளிக்கிழமை என் பூசணிக்காயைத் துடைத்து, தோளில் வைத்துத் தெரு வழியே கொண்டுபோனேன். மாமனார் முன்னால் நடந்தார். பள்ளி முற்றத்தில் போய் வைத்தபோதுதான் பார்த்தேன், அங்கே வேறு இரண்டு பூசணிக்காய்களும் இருந்தன. அறுவடைக் காலம். எல்லார் வளவிலும் பூசணி காய்த்திருந்தது.

தொழுகை முடிந்தது. தேங்காய் போனது, முட்டை போனது, சாரனுக்குப் போட்டி நடந்தது. மோதினார் என் காயை இரண்டு கையாலும் தூக்கினார்.

"மாஷா அல்லாஹ், நல்ல பாரம். ஆரு கேக்கீங்க?"

ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் செருப்பைத் தேடினார். மோதினார் அடிமட்டத்தில் தானே ஒரு விலை சொல்லி மறுபடி கூவினார். அதற்கும் பேச்சில்லை. விடியற்காலையில் எழுந்து தண்ணீர் வார்த்த என் காய், ஊர் நடுவில், கேட்பாரில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. எனக்குக் காது சுட்டது. என்ன செய்கிறேன் என்று யோசிக்குமுன் வாய் திறந்துவிட்டது. நான் கேட்டுவிட்டேன்.

முற்றத்துத் தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. பிறகு தறிக்கார மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எனக்கு மேல் கேட்டார். காய் அவருக்குத் தேவையில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பேசாமல் விட்டிருக்கலாம். விடுகிறவனா நான்? அவருக்கு மேல் கேட்டேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். செருப்புத் தேடியவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைசியில் மச்சான் இரண்டு கையையும் விரித்து, "எடுங்க மச்சான், உங்கட பிள்ளதானே," என்றார். மோதினார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று தரம் கூறி முடித்தார்.

எந்தத் தோளில் கொண்டுபோனேனோ அதே தோளில் அந்தக் காயைத் திரும்பக் கொண்டுவந்தேன். தெருவில் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். செய்தி எனக்கு முன்னால் ஓடியிருந்தது. மாமனார் முன்னால் போனார். கடப்படிக்கு வந்ததும் நின்றார்.

"மருமகன், பள்ளிக்குக் குடுத்தா குடுத்ததுதான். கேக்குறது ஊர்ர வேல. நம்மட பொருளுக்கு நாமளே விலை சொல்லப்படாது."

சொல்லிவிட்டுப் பின்வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். காயை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. அதைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணமாக்கி அயலெல்லாம் கோப்பை கோப்பையாகக் கொடுத்தனுப்பினாள். மச்சான் வீட்டுக்கு இரண்டு கோப்பை. மாமனாரும் சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார்.

எனக்கு மட்டும் அந்த முற்றத்தின் மௌனம் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவரும் கேட்காத அந்தக் கணத்தில் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே மேசைக்குப் போனேன். தூசியைத் துடைத்தேன். ஒரு வரி எழுதினேன். அது நின்றது. அடுத்ததும் நின்றது. பலகணி வரவில்லை, பெருமூச்சு வரவில்லை. மோதினார் வந்தார், செருப்புத் தேடுகிறவர் வந்தார், வேலி ஓட்டையில் முகம் வைக்கிறவர் வந்தார். அவர்கள் ஓம் என்றார்கள். கதைத்தார்கள், தின்றார்கள், கேலி செய்தார்கள். இப்படி எழுதினால் கொழும்பில் சிரிப்பார்களோ என்று ஒரு பயம் இருந்தது. ஊரே சிரித்தபிறகு கொழும்பு சிரித்தால் என்ன என்று எழுதிக்கொண்டே போனேன். காலையில் தண்ணீர் வார்ப்பேன், மாலையில் எழுதுவேன். தறிச்சத்தம் இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஒரே ஒரு தந்திரம் செய்தேன். ஊரார் கண்டுபிடிக்கக் கூடாதென்று பூசணிக்காயைச் சேவலாக மாற்றினேன்.

கதையைத் தபாலில் அனுப்பிவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. நோன்பு வருவதற்குச் சில நாள் முன்னால், கல்முனைக்குப் போயிருந்த தறிக்கார மச்சான் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் பத்திரிகையோடு உள்ளே வந்தார். முதன்முறையாக ஓட்டையால் அல்லாமல் கடப்படியால் வந்தார்.

"மச்சான், அந்தச் சேவல் கூரையில காய்ச்ச சேவல்தானே?"

தந்திரம் அவ்வளவுதான் பலித்தது.

மனைவி முற்றத்தில் உட்கார்ந்து கதையைச் சத்தமாக வாசித்தாள். மாமனார் மாமரத்தடியில் மாட்டுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஏலம் வருகிற இடத்தில் கயிறு திரித்த கை நின்றதை நான் பார்த்தேன். கதை முடிந்ததும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் இல்லை. பத்திரிகையில் என் பெயரைப் பார்த்த சந்தோசம் எனக்குப் பாதியாய்க் குறைந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முற்றத்துக்கு வந்தேன். தேங்காய்க் குவியலுக்கும் முட்டைக் கூடைக்கும் நடுவில் நாலாக மடித்த கடதாசி ஒன்று, மேலே ஒரு கல் வைத்து, இருந்தது. மோதினார் கல்லை எடுத்துவிட்டு அதை விரித்தார். என் கதை வந்த பக்கம். மறுபுறத்தில் சினிமா விளம்பரம் இருந்தது, பள்ளிக்கு ஆகாதென்று அதன்மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. அந்த ஒட்டு என் மனைவியின் கைவேலை.

"இதென்ன?" என்றார் மோதினார்.

மாமனார் எழுந்து நின்றார்.

"எங்கட வளவில எங்கட மருமகன்ட முதல் விளைச்சல். பள்ளிக்குக் குடுத்திரிக்கன். கூறுங்க."

தெருத்தெருவாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தச் சொல், அவர் விட்டுவிட்ட சொல், பள்ளி முற்றத்தில் திரும்பி வந்துவிட்டது.

மோதினார் கடதாசியை உயரப் பிடித்துக் கூறினார். தேங்காய் வாங்கலாம், சமைக்கலாம். வாசித்து முடித்த பேப்பரை யார் கேட்பார்? முற்றம் பேசாமல் இருந்தது. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. இந்தமுறை நான் வாயைத் திறப்பதில்லை என்று இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மோதினார் இரண்டாம் முறை கூறினார். தறிக்கார மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கேட்பேனா என்று.

கேட்டது நானில்லை. இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்த மாமனார் கேட்டார்.

மச்சானுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உடனே மேலே ஏற்றினார். மாமனார் திரும்பியும் பார்க்காமல் அதற்கு மேல் சொன்னார். இன்னும் இரண்டு பேர் வேடிக்கைக்குச் சேர்ந்தார்கள். மாமனார் எல்லாருக்கும் மேலே போனார். பூசணிக்காய் நாளில் போன சாரனின் விலையைத் தாண்டியது அந்தக் கடதாசி. பின்வரிசையிலிருந்து ஒரு வயதாளி பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"என்ன போடியார், குடுத்தவர் கேக்கேலாதே."

மாமனார் மோதினாரின் கையிலிருந்து கடதாசியை வாங்கினார். வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை ஒருதரம் பார்த்து, கவனமாக நாலாய் மடித்தார்.

"எங்கட ஊட்டு ஆக்கள் அப்பிடித்தான் கேக்குற," என்றார்.

அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நடந்தார். வேலியோரத்துப் பெண்கள் பார்க்கட்டும் என்று நானும் நிமிர்ந்து அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.